கோட்லின்: எட்டு வருடம் கையாண்ட பிறகு ஒரு மதிப்புரை

கோட்லின் என்ற புரோகிராமிங் மொழி எப்படி என்று யாரிடம் கேட்டாலும் முதலில் நல்பாயின்டர் எக்செப்ஷன் (காலியான மதிப்பைத் தொட்டால் வரும் பிழை) குறைவதைச் சொல்வார்கள், அடுத்து ஜாவாவில் 10 வரி எழுதுவதை 2 வரியில் முடிக்கலாம் என்பார்கள், அப்புறம் கோரூட்டீன் (காத்திருக்க வேண்டிய வேலைகளைச் சுலபமாக எழுதும் வசதி). எல்லாம் உண்மைதான். ஆனால் எட்டு வருடமாக தினமும் இதில் எழுதுகிறவனுக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு ஒன்று, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஒரு கிளாஸை (தகவலும் மெத்தட் எனும் செயல்களும் சேர்ந்த அச்சு) எக்ஸ்டெண்ட் செய்வதா, அதாவது அதில் உள்ளதையெல்லாம் வாங்கிக்கொண்டு அதன் சைல்டாக எழுதுவதா, இல்லை அதை உள்ளே ஓர் ஆப்ஜெக்டாக (அந்த அச்சில் உருவான பொருளாக) வைத்துக்கொண்டு வேலை வாங்குவதா என்ற இடத்தில் இந்த மொழி எடுத்திருக்கும் நிலையைச் சொல்கிறேன். இன்ஹெரிட்டன்ஸா காம்போசிஷனா என்று இன்டர்வியூவில் கேட்பார்களே, அதே கேள்வி. இன்டர்வியூவில் எல்லாரும் சரியான பதிலைத்தான் சொல்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு ரிலீஸ் நிற்கும்போது கை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் அந்த நேரத்தில் கை எது சுலபமோ அதைத்தான் செய்யும், அந்த நேரத்தில் எழுதிய புரோகிராம் கோடுதான் ஐந்து வருடம் கூடவே இருக்கும்.

புதிதாக வருபவர்களுக்குப் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனம் 2011ல் அறிவித்த மொழி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் ஒரு தீவின் பெயர். 1.0 வந்தது 2016 பிப்ரவரியில். 2017ல் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு தந்தது, 2019ல் ஆண்ட்ராய்டில் கோட்லினுக்கே முதலிடம் என்று அறிவித்தது. அபாச்சி 2 உரிமம், காசு கிடையாது. ஜாவா கோடோடு ஒரே ப்ராஜெக்டில் சேர்ந்து ஓடும். நான் 2017 கடைசியில் தொடங்கினேன், முதலில் ஆண்ட்ராய்டு, பிறகு ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் சர்வர் பக்கம்.

அதற்கு முன்னால் ஜாவாவில் நாங்கள் பட்டதைச் சொன்னால்தான் இந்த மொழி ஏன் எனக்கு இவ்வளவு பிடித்தது என்பது புரியும். ஒரு கூரியர் நிறுவனத்துக்கு டெலிவரி ஆப் செய்துகொண்டிருந்தோம். ஆண்ட்ராய்டில் வேலை செய்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், பேஸ்ஆக்டிவிட்டி என்று ஒரு கிளாஸ் வைப்போம், எல்லாத் திரைக்கும் பொதுவானது அதில் போகும். முதலில் லோடிங் சுற்றுவதைக் காட்ட இரண்டு மெத்தட். அப்புறம் இன்டர்நெட் இருக்கிறதா என்ற சோதனை. அப்புறம் லாகின் செஷன் முடிந்துவிட்டதா என்று பார்ப்பது. ஒவ்வொன்றும் போடும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஐந்து திரைகளுக்கு மட்டும் லொகேஷன் வேண்டும் என்று வந்தபோது லொகேஷன்பேஸ்ஆக்டிவிட்டி என்று நடுவில் ஒரு அடுக்கு, மூன்று திரைகளுக்கு கேமரா வேண்டும் என்று வந்தபோது அதற்கு ஒரு அடுக்கு, பிறகு ஒரு திரைக்கு இரண்டும் வேண்டும் என்றார்கள். ஜாவாவில் ஒரு கிளாஸ் எக்ஸ்டெண்ட் செய்யக்கூடிய பேரன்ட் கிளாஸ் ஒன்றுதான். லொகேஷன்கேமராபேஸ்ஆக்டிவிட்டி என்று ஒன்று நிஜமாகவே எங்கள் கோடில் இருந்தது.

ஒரு நாள் செஷன் சோதனையை ஆன்ரெஸ்யூமுக்கு மாற்றினோம். ஆன்ரெஸ்யூம் என்றால் திரை கண்முன் வரும் ஒவ்வொரு முறையும் ஆண்ட்ராய்டு கூப்பிடும் மெத்தட். செஷன் முடிந்திருந்தால் லாகின் திரையைத் திற, அவ்வளவுதான் மாற்றம். லாகின் திரையும் பேஸ்ஆக்டிவிட்டியைத்தான் எக்ஸ்டெண்ட் செய்கிறது என்பது யாருக்கும் நினைவில் இல்லை. அந்தத் திரை வந்தது, செஷன் இல்லை என்று கண்டது, லாகின் திரையைத் திறந்தது, அது வந்தது, செஷன் இல்லை என்று கண்டது. டெலிவரிக்குக் கிளம்பிய ஆட்கள் காலை 7 மணிக்கு போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், திரை மினுக்கிக்கொண்டே இருந்தது. ஒரே வரி மாற்றம், 40க்கும் மேற்பட்ட திரைகளில் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. தாத்தா சொத்து எழுதிவைக்கும்போது கடனும் சேர்ந்தே வரும் என்பார்களே, அதைப் போலத்தான் இன்ஹெரிட்டன்ஸும். எனக்கு இந்த நாலு மட்டும் போதும், மற்றது வேண்டாம் என்று சைல்ட் கிளாஸ் சொல்ல முடியாது.

இன்னொன்றும் நடந்தது, அது இதைவிட நுணுக்கமானது, எனக்கு இன்ஹெரிட்டன்ஸைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது அதுதான். வண்டியில் ஏற்றும் பார்சல்களின் மொத்த எடையைக் காட்ட வேண்டும். ஜாவாவின் அர்ரேலிஸ்ட் என்ற பட்டியல் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து பார்சல்லிஸ்ட் என்று ஒரு கிளாஸ் எழுதினோம். ஒரு பார்சலைச் சேர்க்கும் ஆட் மெத்தடை ஓவர்ரைட் செய்து, அதாவது பேரன்ட்டின் மெத்தடை நம் விருப்பப்படி மாற்றி எழுதி, எடையைக் கூட்டினோம். மொத்தமாகச் சேர்க்கும் ஆட்ஆல் மெத்தடையும் ஓவர்ரைட் செய்து அதிலும் கூட்டினோம். சரியாக ஓடியது. சில மாதம் கழித்து, ஒரே பார்கோடை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் இரண்டாகக் காட்டுகிறது என்று புகார் வந்தது. இதற்கு ஒரே பொருளை இரண்டு முறை வைக்காத ஹாஷ்செட்தானே சரி என்று அர்ரேலிஸ்ட் இருந்த இடத்தில் ஹாஷ்செட் என்று மாற்றினோம், கம்பைல் ஆனது, ஸ்கேன் செய்து பார்த்தோம், டூப்ளிகேட் போய்விட்டது. மறுநாள் காலையில் சர்வரிலிருந்து மொத்தமாக வரும் பட்டியலின் எடை மட்டும் இரட்டிப்பாக வந்தது. 180 கிலோ ஏற்ற வேண்டிய வண்டியில் 360 கிலோ என்று காட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும் பார்சல்கள் சரியாகவே கூடின, அதனால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போனது.

காரணம் இதுதான். அர்ரேலிஸ்டின் ஆட்ஆல் உள்ளே ஆட் மெத்தடைக் கூப்பிடுவதில்லை, அர்ரேயை அப்படியே நகல் எடுத்துவிடுகிறது. ஹாஷ்செட்டின் ஆட்ஆல் அப்ஸ்ட்ராக்ட்கலெக்ஷன் என்ற மேல் கிளாஸிலிருந்து வருகிறது, அது ஒவ்வொரு உறுப்புக்கும் ஆட் மெத்தடைக் கூப்பிடும், அந்த ஆட் இப்போது நம்முடையது. ஆகவே நம் ஆட்ஆல் ஒருமுறை கூட்டுகிறது, அதன் வழியாகக் கூப்பிடப்படும் நம் ஆட் இன்னொருமுறை கூட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் அதே மெத்தட் பெயர், அதே வேலை. உள்ளே எந்த மெத்தட் எதைக் கூப்பிடுகிறது என்பது தெரியாமல் ஒரு கிளாஸைப் பாதுகாப்பாக எக்ஸ்டெண்ட் செய்யவே முடியாது என்பதை அன்று கற்றேன். பேரன்ட்டை எழுதியவர் அடுத்த வெர்ஷனில் அந்த உள்வழியை மாற்றினால் நம்மிடம் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

இது எங்களைப் போன்றவர்கள் மட்டும் செய்யும் தவறும் இல்லை. ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே ஸ்டாக் என்ற கிளாஸ் வெக்டார் என்ற பட்டியல் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்கிறது, அதனால் தட்டுகளை அடுக்கி மேலிருந்து மட்டும் எடுக்க வேண்டிய ஸ்டாக்கில் நடுவில் ஒன்றைச் செருக முடிகிறது. அமைப்புகளைப் பெயர்-மதிப்பு ஜோடிகளாக வைக்கும் ப்ராப்பர்டீஸ் கிளாஸ், எந்த ஆப்ஜெக்டையும் ஜோடியாக வைக்கும் ஹாஷ்டேபிளை எக்ஸ்டெண்ட் செய்கிறது, எழுத்துகள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் எந்த ஆப்ஜெக்டையும் போட முடிகிறது, அப்படிப் போடாதீர்கள் என்று ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஜாவா 9ல் ப்ராப்பர்டீஸின் உள்ளே தனியாகக் கன்கரன்ட்ஹாஷ்மேப் என்ற இன்னொரு ஜோடி அட்டவணையை வைத்து வேலையை அதனிடம் கொடுத்துவிட்டார்கள். ஹாஷ்டேபிளின் சைல்ட் என்ற உறவை மட்டும் பழைய கோடுகளுக்காக இன்றும் வெட்ட முடியவில்லை. தொடக்கத்தில் எக்ஸ்டெண்ட்ஸ் என்று ஒரு சொல் எழுதியதற்கு இத்தனை வருடம் விலை கொடுக்கிறார்கள்.

சரி, கோட்லின் இதில் என்ன செய்கிறது?

முதல் விஷயம், கோட்லினில் கிளாஸ் என்று எழுதினால் அது மூடியே இருக்கும். யாராவது எக்ஸ்டெண்ட் செய்ய வேண்டுமானால் ஓப்பன் என்ற சொல்லை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளாஸுக்கு எழுதினால் போதாது, எந்த மெத்தடை மாற்ற அனுமதிக்கிறீர்களோ அந்த மெத்தடுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஜாவாவில் நேர் தலைகீழ், எல்லாம் திறந்தே கிடக்கும், மூட வேண்டுமானால் ஃபைனல் என்று எழுத வேண்டும். நான் ஜாவாவில் வேலை செய்த வருடங்களில் ஒரு கிளாஸுக்கு ஃபைனல் எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எழுதக்கூடாது என்று யாரும் முடிவெடுக்கவில்லை, எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இங்கே ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. ஓப்பன் என்று கை எழுதும் அந்த ஒரு நொடியில் 'இதை யார் எக்ஸ்டெண்ட் செய்யப்போகிறார்கள்' என்ற கேள்வி தானாக வருகிறது. இதற்காகவே இந்த மொழியை எடுக்கலாம் என்பேன்.

இதில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். ஓவர்ரைட் செய்த மெத்தட் தானாகவே ஓப்பனாக இருக்கும். உங்கள் கிளாஸும் ஓப்பன் என்றால் அதற்குக் கீழே வருபவர் அந்த மெத்தடை மறுபடி மாற்றலாம். அங்கேயே நிறுத்த வேண்டுமானால் ஃபைனல் ஓவர்ரைட் என்று எழுத வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் மூடியே வைத்துவிட்டு இங்கே மட்டும் திறந்துவைத்தது ஏன் என்று எனக்கு இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது விஷயம் பை (ஆங்கிலத்தில் by) என்ற கீவேர்ட். கதவைச் சாத்திவைத்து மட்டும் பயனில்லை, மாற்று வழி கடினமாக இருந்தால் ஆட்கள் கதவைத் திறந்துவிட்டுப் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். ஜாவாவில் காம்போசிஷன் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர்களைச் சேமிக்கும் ஓர் இன்டர்ஃபேஸில் (எந்தெந்த மெத்தட்கள் இருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல்) 11 மெத்தட்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், சேமிக்கும் முன் ஒரு லாக் (நடந்ததைக் குறித்துவைக்கும் வரி) எழுத வேண்டும். எக்ஸ்டெண்ட் செய்தால் ஒரு மெத்தட் எழுதினால் போதும். காம்போசிஷன் என்றால் மற்ற 10 மெத்தட்களையும் எழுதி ஒவ்வொன்றிலும் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுக்கு அப்படியே தள்ளிவிட வேண்டும். புத்தகத்தில் எத்தனை முறை காம்போசிஷனே நல்லது என்று எழுதியிருந்தாலும் இந்த 10 மெத்தட்களை யார் எழுதுவார்கள்? நாங்கள் எழுதவில்லை. கோட்லினில் அந்த இன்டர்ஃபேஸின் பெயரை எழுதி, பை போட்டு, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டின் பெயரை எழுதினால் 10 மெத்தட்களையும் கம்பைலர் எழுதிக்கொள்கிறது. நாம் மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் எழுதினால் போதும். எக்ஸ்டெண்ட் செய்வதற்கும் உள்ளே வைப்பதற்கும் தட்டச்சு செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. நான் பார்த்தவரை ஒரு அணி காம்போசிஷனுக்கு மாறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருந்ததில்லை.

பையின் குறைகளையும் சொல்ல வேண்டும், இங்கேதான் புதியவர்கள் அடிபடுகிறார்கள். அது இன்டர்ஃபேஸுக்கு மட்டும்தான் வேலை செய்யும், சாதாரண கிளாஸுக்குச் செய்யாது, ஆகவே நீங்கள் சுற்றிவைக்க நினைக்கும் பொருளுக்கு இன்டர்ஃபேஸே இல்லை என்றால் பழையபடி கையால்தான் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டை வார் (பின்னால் மாற்றக்கூடியது) என்று அறிவித்து நடுவில் வேறு ஆப்ஜெக்டாக மாற்றினால், கம்பைலர் எழுதிய மெத்தட்கள் பழைய ஆப்ஜெக்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும், உருவாக்கும்போது எது இருந்ததோ அதையே பிடித்துவைத்துக்கொள்கிறது. இதில் நான் ஒரு முழு மாலையை இழந்திருக்கிறேன். இன்னொன்று, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் தன் மெத்தட் ஒன்றிலிருந்து தன் இன்னொரு மெத்தடைக் கூப்பிட்டால் அது நம் மாற்றத்தைப் பார்க்காது. மேலே சொன்ன ஆர்டர் உதாரணத்தில் சேமி என்ற மெத்தடில் லாக் போட்டோம், ஆனால் எல்லாவற்றையும்சேமி என்ற மெத்தட் உள்ளுக்குள் தன் சொந்த சேமியையே கூப்பிட்டது, லாக் வரவில்லை. இன்ஹெரிட்டன்ஸ் என்றால் வந்திருக்கும். இதை நான் குறையாக மட்டும் பார்ப்பதில்லை, எங்கள் 360 கிலோவைத் தடுத்திருக்கக்கூடியதும் இதே நடத்தைதான். உள்ளே எது எதைக் கூப்பிட்டாலும் நமக்குக் கவலை இல்லை, வெளியிலிருந்து நம்மிடம் வருவதை மட்டும் நாம் பார்த்தால் போதும். ஆனால் தெரியாமல் இருந்தால் கஷ்டம்.

பார்சல்லிஸ்டைக் கோட்லினுக்கு மாற்றும்போது முதலில் மியூட்டபிள்செட் (சேர்க்கவும் நீக்கவும் முடிகிற செட் இன்டர்ஃபேஸ்) பை என்று போட்டுப் பார்த்தோம். எடை சரியாக வந்தது. அப்போது எங்கள் அணியில் இருந்த ஒருவர் கேட்டார், "அண்ணா, இட்டரேட்டரை எடுத்து அது வழியா ஒரு பார்சலை ரிமூவ் பண்ணினா எடை குறையுமா?" குறையாது. உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டரை நாங்கள் ஓவர்ரைட் செய்யவே இல்லை. யோசித்துப் பார்த்தால் அர்ரேலிஸ்ட் காலத்திலேயே ரிமூவை ஓவர்ரைட் செய்திருக்கவில்லை, அதைக்கூட யாரும் கவனித்ததில்லை. வண்டியில் பார்சல் ஏற்றுகிறவருக்கு வேண்டியது சேர்ப்பது, நீக்குவது, மொத்த எடை பார்ப்பது. இந்த மூன்றுக்கு நாம் ஒரு முழு செட்டின் எல்லா மெத்தட்களையும் வெளியே வாக்குக் கொடுத்திருந்தோம். கடைசியில் பையும் இல்லாமல், செட்டை ப்ரைவேட்டாக உள்ளே வைத்து மூன்று மெத்தட்கள் மட்டும் எழுதினோம். 20 வரிக்குள் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த கிளாஸில் ஒரு பிழைகூட வரவில்லை. பை சுலபம் என்பதால் தேவையில்லாததையும் வெளியே காட்டிவிடுகிற ஆபத்து இருக்கிறது என்பதை அதை விரும்பிப் பயன்படுத்துகிறவனாகவே சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு பக்கம் இந்த மாற்றம் மொழியோடு நிற்காமல் கூகுளின் லைப்ரரிகளுக்கும் போனது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. முன்பு கேமரா திறந்து படம் வாங்க ஆன்ஆக்டிவிட்டிரிசல்ட்டை ஓவர்ரைட் செய்ய வேண்டும், எல்லாப் பதில்களும் அந்த ஒரே மெத்தடுக்கு வரும், எண்ணை வைத்துப் பிரிக்க வேண்டும். இப்போது பதிலை வாங்கும் லாஞ்சரைத் தனி ஆப்ஜெக்டாகப் பதிவு செய்கிறோம். எங்கள் லொகேஷன்பேஸ், கேமராபேஸ் அடுக்குகளை இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். திரை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதைக் கவனிக்கும் லைஃப்சைக்கிள் அப்சர்வர் இருப்பதால் லொகேஷன் வேலை தன் சொந்த கிளாஸுக்குப் போய்விட்டது, எந்தத் திரைக்கு வேண்டுமோ அந்தத் திரை அதை வைத்துக்கொள்கிறது. லொகேஷனும் கேமராவும் வேண்டும் என்றால் இரண்டு வரி.

ஆண்ட்ராய்டில் திரையின் பகுதிகளுக்கான பழைய வியூ அமைப்பைப் பாருங்கள். பட்டன் என்பது டெக்ஸ்ட்வியூவின் சைல்ட். எடிட்டெக்ஸ்ட்டும் டெக்ஸ்ட்வியூவின் சைல்ட். செக்பாக்ஸ் என்பது காம்பவுண்ட்பட்டன், அது பட்டன், அது டெக்ஸ்ட்வியூ. ஆனால் இமேஜ்பட்டன்? அது பட்டனே இல்லை, இமேஜ்வியூவின் சைல்ட். படமும் எழுத்தும் உள்ள பட்டன் எந்தக் கிளையில் வரும் என்ற கேள்விக்கு அந்த மரத்தில் இயல்பான பதிலே கிடையாது, டெக்ஸ்ட்வியூவின் ஓரத்தில் படத்தை ஒட்டும் வசதியை வைத்துத்தான் ஓட்டினோம். 2021ல் 1.0 வந்த, திரைகளை ஃபங்ஷன்களால் கட்டும் கூகுளின் ஜெட்பேக் கம்போஸில் பட்டன் ஒரு ஃபங்ஷன். அதற்குள் என்ன வைக்க வேண்டும் என்பதை நாம் கொடுக்கிறோம், ஐகான், எழுத்து, சுற்றும் லோடிங், எது வேண்டுமானாலும். இன்ஹெரிட்டன்ஸுக்கும் காம்போசிஷனுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் நாய், பூனை, விலங்கு உதாரணம் சொல்வதை நிறுத்திவிட்டு இந்த இமேஜ்பட்டனைத்தான் காட்டுகிறேன். நாயும் பூனையும் ஒருபோதும் மாறாதவை, அதனால் அந்த உதாரணத்தில் இன்ஹெரிட்டன்ஸ் எப்போதும் அழகாகவே தெரியும்.

சர்வர் பக்கம் வந்தால் நிலைமை இவ்வளவு சுகமில்லை, இங்கே இரண்டு நட்சத்திரம் குறைக்கிறேன். ஸ்பிரிங் நம் கிளாஸ்களை ஓடும்போது எக்ஸ்டெண்ட் செய்து ப்ராக்ஸி (நம் கிளாஸுக்கு முன்னால் நிற்கும் பிரதிநிதி) உருவாக்கும். டேட்டாபேஸ் ட்ரான்சாக்ஷனைத் தொடங்குவது, முடிப்பது எல்லாம் அந்த ப்ராக்ஸியில்தான் நடக்கிறது. கிளாஸ் மூடியிருந்தால் எப்படி எக்ஸ்டெண்ட் செய்யும்? அதற்காக ஆல்ஓப்பன் என்று ஒரு கம்பைலர் ப்ளகின் இருக்கிறது, ஸ்பிரிங்கின் குறிப்பிட்ட அனொட்டேஷன் (கோடில் ஒட்டும் குறிச்சொல்) உள்ள கிளாஸ்களை எல்லாம் அது சத்தமில்லாமல் ஓப்பன் செய்துவிடும். அதாவது எந்த நல்ல குணத்துக்காக இந்த மொழிக்கு வந்தேனோ அதே குணத்தை அணைத்துவைத்துத்தான் ஸ்பிரிங்கோடு வாழ முடிகிறது. புது ப்ராஜெக்ட் உருவாக்கும் ஸ்பிரிங் தளமே அதைச் சேர்த்துக் கொடுப்பதால் பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. டேட்டாபேஸ் வரிசைகளை ஆப்ஜெக்ட்களாக மாற்றித் தரும் ஹைபர்னேட்டில் இன்னும் மோசம். நாங்கள் தொடங்கிய காலத்தில் அதற்கான ஜேபிஏ ப்ளகின் காலி கன்ஸ்ட்ரக்டரை (எந்த மதிப்பும் வாங்காமல் ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) மட்டும்தான் சேர்த்தது, எண்டிட்டி கிளாஸ்களை (டேட்டாபேஸ் அட்டவணைக்கு இணையானவை) ஓப்பன் செய்ய நாமே தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பிழை எதுவும் வராது, தேவைப்படும்போது மட்டும் எடுக்க வேண்டிய தகவலை ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். ஓர் ஆர்டர் பட்டியல் பக்கம் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று எஸ்க்யூஎல் லாகைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. டெஸ்ட்டுக்காகப் போலி ஆப்ஜெக்ட்களை உருவாக்கும் மொக்கிட்டோவும் ஆரம்பத்தில் ஃபைனல் கிளாஸ்களைத் தொடாது, 2வது வெர்ஷனில் நாமே இயக்கிக்கொள்ளும் வழி வந்தது, 5வது வெர்ஷனில்தான் அது இயல்பாகவே வந்தது. கோட்லினுக்கென்றே இருக்கும் மாக்கே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

இன்ஹெரிட்டன்ஸே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கோட்லினில் இன்ஹெரிட்டன்ஸின் மிக நல்ல வடிவம் சீல்ட் கிளாஸ், அதாவது சைல்ட் கிளாஸ்கள் எவை எவை என்று முன்பே முடிவான கிளாஸ். பணம் செலுத்தியதன் முடிவு வெற்றி, தோல்வி, காத்திருப்பு என்று மூன்றுதான், நான்காவது ஒன்றை வெளியிலிருந்து யாரும் சேர்க்க முடியாது. வென் (எந்த வகை என்று பார்த்துப் பிரிக்கும் அமைப்பு) எழுதி மூன்றையும் கையாளவில்லை என்றால் கம்பைலர் விடாது. நாளை பணம் திரும்பியது என்று நான்காவதை நாமே சேர்த்தால் எந்தெந்த இடத்தில் கையாளவில்லை என்று கம்பைலரே காட்டிக் கொடுக்கும். இங்கே சைல்ட் கிளாஸ்கள் பேரன்ட்டின் கோடைக் கடன் வாங்க வரவில்லை, வகைகளாக வந்திருக்கின்றன. கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987ல் ஒரு மாநாட்டில் பேசியதிலிருந்து அவர் பெயராலேயே வழங்கும் விதி கேட்பதும் இதைத்தான், பேரன்ட் இருக்கும் இடத்தில் சைல்டை வைத்தால் நம்பிக்கொண்டிருந்த எதுவும் உடையக்கூடாது. எங்கள் பார்சல்லிஸ்ட் அர்ரேலிஸ்டின் கோடுக்காகத்தான் அதன் சைல்ட் ஆனது. கோடு வேண்டும் என்பதற்காக எக்ஸ்டெண்ட் செய்கிறோமா, அந்த வகையே என்பதால் செய்கிறோமா என்று கேட்டுப் பார்த்தாலே பாதி இடங்களில் பதில் கிடைத்துவிடும்.

மறுபக்கம் காம்போசிஷனையும் கெடுக்க முடியும், அதையும் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு கிளாஸ் மட்டுமே செயல்படுத்தும் இன்டர்ஃபேஸ்கள், கன்ஸ்ட்ரக்டரில் 14 ஆப்ஜெக்ட்கள், ஒரு மெத்தட் உண்மையில் எங்கே நடக்கிறது என்று தேட ஏழு ஃபைல் திறக்க வேண்டிய ப்ராஜெக்ட் ஒன்றில் ஆறு மாதம் இருந்தேன். பேஸ்ஆக்டிவிட்டியாவது ஒரே ஃபைல். கோட்லின் இதைத் தடுப்பதில்லை, பை இருப்பதால் சற்று ஊக்குவிக்கவும் செய்கிறது. பல இடங்களில் இரண்டும் தேவைப்படாது, ஒரு சாதாரண ஃபங்ஷனோ, ஏற்கனவே உள்ள கிளாஸுக்கு வெளியிலிருந்து சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷனோ போதும், தேதியை அழகாகக் காட்டுவதற்கெல்லாம் கிளாஸ் எதற்கு.

மற்றபடி சுருக்கமாக: பில்ட் நேரம் (கோடு ஓடக்கூடிய ஆப்பாக மாற எடுக்கும் நேரம்) பல வருடம் ஜாவாவைவிட அதிகம், 2024ல் 2.0வோடு வந்த கே2 கம்பைலருக்குப் பிறகு எங்கள் ப்ராஜெக்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது. ஐடிஇ (கோடு எழுதும் கருவி) ஆதரவுக்கு முழு மதிப்பெண். ஜாவா தெரிந்தவர் இரண்டு வாரத்தில் எழுதத் தொடங்கலாம், ஆனால் அந்த இரண்டு வாரத்தில் எழுதுவது கோட்லின் எழுத்துகளில் இருக்கும் ஜாவாவாகத்தான் இருக்கும், ஓப்பன் போடாமல் கம்பைல் ஆகவில்லை என்று எல்லாவற்றுக்கும் ஓப்பன் போட்டிருப்பார்கள். முதல் மாதம் யாராவது கூட உட்கார்ந்து கோடைப் பார்ப்பது அவசியம்.

எங்கள் அணியில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ரிவ்யூவுக்கு வரும் கோடில் புதிதாக ஓப்பன் என்று இருந்தால், அதை எக்ஸ்டெண்ட் செய்யும் கிளாஸும் அதே மாற்றத்தில் இருக்க வேண்டும், பின்னால் யாருக்காவது பயன்படும் என்று திறந்து வைக்கக்கூடாது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் டெலிவரிக் கட்டணம் கணக்கிடும் கிளாஸுக்கு ஓப்பன் போட்டு, அதிலிருந்து நான்கு சைல்ட் கிளாஸ்கள் எழுதியிருந்தார், உள்ளூர், மாவட்டம், மாநிலம், வெளிமாநிலம். நான்கிலும் வார இறுதிக் கூடுதல் கட்டணம், உடையும் பொருளுக்கான கட்டணம் எல்லாம் பேரன்ட்டிலிருந்து வந்தன. மாநிலத்துக்கு மட்டும் வார இறுதிக் கட்டணம் கிடையாது, அதற்காக அங்கே அந்த மெத்தடை ஓவர்ரைட் செய்து பூஜ்ஜியம் திருப்பியிருந்தார். அந்தப் பூஜ்ஜியத்தைக் காட்டி, "இது அப்பாகிட்டேர்ந்து வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கே" என்றேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, அப்ப தூரம் நாலு வகைதான், அதை சீல்டா வெச்சிடறேன். கூடுதல் கட்டணத்தை எல்லாம் லிஸ்டா உள்ளே கொடுத்துடலாம், எதுக்கு எது வேணுமோ அது மட்டும்" என்றார். மாலைக்குள் மாற்றி அனுப்பினார். ஓப்பன் இல்லை, பூஜ்ஜியம் இல்லை. அடுத்த வாரம் பண்டிகைக்காக ஒரு கூடுதல் கட்டணம் கேட்டு வந்தார்கள், வெளிமாநிலத்துக்கு மட்டும். அந்த லிஸ்டில் ஒன்று சேர்ந்தது.